கதவில் எழுதியிருந்த அளவு

வெடித்த சத்தம் கேட்டதும் ஸ்ரீஸ்கந்தராசா குனிந்துவிட்டார். கையில் ஸ்டியரிங் இருக்கிறது, வான் இறக்கத்தில் போய்க்கொண்டிருக்கிறது, முதுகுக்குப் பின்னால் பதினாலு பள்ளிப் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்ற நினைவெல்லாம் ஒரு நொடி பிந்தித்தான் வந்தது. யாழ்ப்பாணத்தில் பிறந்து, சண்டைக் காலம் முழுக்கக் கண்டியில் உத்தியோகம் பார்த்த மனுசன். அந்த வயதுக்காரருக்கு அப்படியொரு சத்தம் என்றால் உடம்புக்கு ஒரே அர்த்தம்தான் தெரியும். குனிந்த கையோடு கால் பிரேக்கை ஏறி மிதித்துவிட்டது. வான் இடப்பக்கம் இழுத்துக்கொண்டு போய், மண் சரியாமல் கட்டியிருந்த கருங்கல் மதிலில் உரசி, பத்துப் பதினைந்து அடி தேய்ந்து நின்றது.

அம்பிட்டியவிலிருந்து கண்டி நகரத்துக்கு இறங்கும் ரோட்டில் நடந்தது இது. பங்குனி மாதம், புதன்கிழமை, பகல் ஒன்றே முக்கால், பள்ளி விட்டு வரும் நேரம். மழையைக் கண்டு மூன்று கிழமையாகிவிட்டது. தார் இளகி மணந்துகொண்டிருந்தது. வான் நின்ற பிறகு கொஞ்ச நேரம் ஒருவரும் அழவில்லை, அதுதான் அவருக்குப் பிறகும் பிறகும் நினைவுக்கு வந்தது. பிறகு எல்லாரும் சேர்ந்து அழத் தொடங்கினார்கள். அவர் எழும்பித் திரும்பி நின்று பிள்ளைகளை எண்ணினார். பதினாலு. இன்னொரு தரம் எண்ணினார். அப்போதும் பதினாலுதான். எல்லாருக்கும் உயிர் இருக்கிறது என்று நினைத்தபோதுதான், பின் சீட்டில், வெடித்த சில்லுக்கு நேர் மேலே இருந்த துஷானி அழாமல் இருப்பதைக் கண்டார்.

ஒன்பது வயதுப் பிள்ளை. மஹய்யாவயிலிருந்து வருகிறவள். மாநகரசபையில் குப்பை டிராக்டர் ஓட்டும் அழகமுத்துவின் ஒரே மகள். வெக்கைக்குக் கண்ணாடியைத் திறந்து வைத்து, இடது கையை வெளியே போட்டுக்கொண்டு வந்திருக்கிறாள்.

"அங்கிள், கைய எடுக்க முடியல" என்றாள். பக்கத்து வீட்டில் ஏதோ இரவல் கேட்க வந்தவள் மாதிரி அமைதியாகச் சொன்னாள். மதிலுக்கும் வானின் தகட்டுக்கும் நடுவில் முழங்கைக்குக் கீழே அகப்பட்டிருந்தது.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் அவருக்குத் துண்டு துண்டாகத்தான் தெரியும். ஆட்டோக்காரர்கள் ஓடி வந்தார்கள். நாலைந்து பேர் சேர்ந்து வானைத் தள்ளிக் கையை எடுத்தார்கள். யாரோ ஒரு சிங்களப் பெண் தன் வீட்டுத் துவாயைக் கொண்டுவந்து சுற்றினாள். பிள்ளையை ஏற்றிக்கொண்டு ஆட்டோ பறந்தது. கை கால் ஓடாமல் ரோட்டோரம் குந்தியிருந்த இவரிடம் ஒரு பெடியன் போனைப் பிடித்துக்கொண்டு, "என்ன மாத்தையா நடந்தது?" என்று சிங்களத்தில் கேட்டான். இவரும் சிங்களத்தில் பதில் சொன்னார். "டயர் வெடிச்சது. அக்குறணையில் பவாஸின் கடையில் வாங்கினது. நாலு மாதம்கூட ஆகவில்லை."

தான் அப்படிச் சொன்னது அவருக்குத் தெரியாது. இரவு சாப்பாட்டுக்கு முன், மனைவி லீலாதேவி அந்தப் பெடியன் எடுத்த வீடியோவைப் போனில் காட்டியபோதுதான் தன் வாயைத் தானே பார்த்தார்.

ஸ்ரீஸ்கந்தராசா லேசுப்பட்ட ஆள் இல்லை. கச்சேரியில், அதாவது மாவட்ட அரச செயலகத்தில், காணிப் பகுதியில் முப்பத்து மூன்று வருடம் இருந்தவர். வாயால் சொன்ன ஒன்றையும் அவர் கணக்கில் எடுத்ததில்லை. "எழுத்தில கிடக்கோ? கிடந்தா கொண்டு வாரும்" என்பார். எழுத்தில் இல்லையென்றால் அமைச்சரே வந்தாலும் கதிரை காட்டித் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிடுவார். அப்படி இருந்ததால் பதவி உயர்வு பிந்தியதும் உண்டு, நல்ல பெயர் நிலைத்ததும் உண்டு.

பென்சன் எடுத்த பிறகு வீட்டில் சும்மா இருக்க முடியாமல் பள்ளி வான் ஓடப் போகிறேன் என்றார். லீலாதேவி ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். வெள்ளை வான் மட்டும் வாசலில் நிற்கக் கூடாது. ஆட்களைக் கடத்திக்கொண்டு போன வான்களின் நிறம் அது, எங்கள் ஆட்களுக்கு விளக்கத் தேவையில்லை. அதனால் நீல நிற வான் ஒன்றைத் தேடி வாங்கினார். முப்பது வருடத்துப் பழைய யப்பான் வான். புது வாகனம் வாங்க முடியாத காலத்தில் அதுவே பெரிய காரியம்.

வாங்கின அன்றே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வானை ஓரம் ஓரமாக வாசித்தார். ஓட்டுநர் பக்கக் கதவின் விளிம்பில் மஞ்சளேறிய ஒரு ஸ்டிக்கர். யப்பான் எழுத்து. ஆனால் இலக்கத்துக்கு மொழி ஏது? காற்றின் அளவு 220 என்று இருந்தது. அதை நம்முடைய அளவுக்கு மாற்றினால் முப்பத்திரண்டு. தானே மாற்றிக் கண்டுபிடித்ததில் மனுசனுக்குப் பெரிய சந்தோசம். ஸ்டிக்கரைப் படம் எடுத்தும் வைத்துக்கொண்டார்.

போன கார்த்திகையில் நாலு டயரும் மாற்ற அக்குறணைக்குப் போனபோது இந்த முப்பத்திரண்டில்தான் வாக்குவாதம் வந்தது.

பவாஸின் கடை மாத்தளை ரோட்டில், ஒரு துணிக்கடைக்கும் பேக்கரிக்கும் நடுவில். அவன் நாற்பது வயது ஆள். முழங்கை வரை கறுப்பு. இரண்டாயிரத்துப் பதினெட்டில் முஸ்லிம்களுக்கு எதிராக நடந்த கலவரத்தில் அந்தக் கடை எரிந்து, அவனே திரும்பக் கட்டினான். இரண்டு கம்பியை விட்டு நெம்பிப் பழைய டயரை ரிம்மிலிருந்து எடுப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தால் தேங்காய் உரிப்பது ஞாபகம் வரும். புதுசைப் போட்டு, காற்றடித்து, வால்வில் சவர்க்காரத் தண்ணி தொட்டு வைத்துக் குமிழி வருகிறதா என்று பார்த்தான். வரவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு வந்தான்.

"சேர், முன்னுக்கு நாப்பது, பின்னுக்கு நாப்பத்தஞ்சு போட்டிருக்கேன்."

"ஏன் நாப்பத்தைஞ்சு? முப்பத்திரண்டு போடும்."

"முப்பத்திரண்டா? காருக்குத்தான் அது, சேர். இது சாமான் ஏத்துற வேன்ட டயர். செவரு தடிப்பு. காத்து கொறஞ்சா அது மடிஞ்சி மடிஞ்சி நிமிரும். நிமிர நிமிர சூடு. ஓங்களுக்கு அம்பிட்டிய எறக்கம், புள்ளைகள் நெறைய, மேல வெயில். ஒரு நாளைக்கு பட்டுண்டு வெடிச்சிரும்."

"பவாஸ், இஞ்ச வாரும்." கதவைத் திறந்து ஸ்டிக்கரைக் காட்டினார். "வானைச் செய்தவனே எழுதி ஒட்டியிருக்கிறான். அவனைவிட உமக்குக் கூடத் தெரியுமோ?"

பவாஸ் அதைக் குனிந்து பார்த்தான். வெயில் பட்டு எழுத்து மங்கிப்போயிருந்தது.

"எனக்கு யப்பான் வாசிக்கத் தெரியாது சேர். டயர வாசிக்கத் தெரியும்."

"அதுதான் சொல்லுறன். வாசிக்கத் தெரிஞ்ச நான் சொல்லுறன், இறக்கும்."

பக்கத்துப் பேக்கரியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். பவாஸ் சிரிக்கவில்லை. நாலு சில்லுக்கும் குந்தியிருந்து, வால்வை அழுத்திக் காற்றை இறக்கினான். கடைசிச் சில்லில் நிமிர்ந்து, "சேர் சொல்றதச் செய்றேன். நான் சொன்னேன்டு மட்டும் ஞாபகத்துல வெச்சிக்கோங்க" என்றான்.

அவர் ஞாபகத்தில் வைக்கவில்லை. வீட்டுக்கு வரும்போது வான் குலுங்காமல் மெத்தென்று வந்தது. லீலாதேவியை ஏற்றிக்கொண்டு கோயிலுக்குப் போனபோது அவளும் சொன்னாள், இடுப்பு நோகவில்லை என்று. பிள்ளைகளின் தாய்மார்களும் சொன்னார்கள். ஒவ்வொரு ஞாயிறும் விடிய, சில்லு குளிர்ந்திருக்கும்போதே, தன் சொந்தக் கேஜை வைத்து அளப்பார். முப்பதுக்கு இறங்கியிருந்தால் கைப்பம்பால் அடித்து முப்பத்திரண்டாக்குவார். அத்தனை கவனம். அதைப் பார்த்துத்தான் மஹய்யாவ ஆட்கள் நம்பிக்கையோடு பிள்ளைகளை ஏற்றினார்கள்.

புதன் இரவு வீட்டில் புட்டு அவித்தபடியே கிடந்தது.

"சாப்பிடுங்கோவன்" என்றாள் லீலாதேவி.

"அந்தப் பிள்ளையை ஒப்பரேசன் தியேட்டருக்குக் கொண்டு போயிருக்கினம். எனக்கு எப்பிடி இறங்கும்?"

"நீங்கள் என்ன செய்தனீங்கள்? ரயர் வெடிச்சதுக்கு நீங்கள் என்ன செய்யிறது?"

"ஓம். ரயர்தானே" என்றார். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அன்று அவர் மூச்சு விட்டார். வியாழக்கிழமை பொலிசிலும் அதையே சொன்னார். சார்ஜன்ட் நல்ல மனிதர், இவர் ஓய்வு பெற்ற உத்தியோகத்தர் என்று கதிரை தந்து இருத்தினார். காற்று எவ்வளவு என்று கேட்டபோது, "கம்பெனி எழுதின அளவு. ஒரு புள்ளி கூடவும் இல்லை, குறையவும் இல்லை" என்றார். சார்ஜன்ட் வான் நின்ற வளவுக்குப் போய் ஸ்டிக்கரையும் பார்த்தார், மிச்ச மூன்று சில்லையும் அளந்தார். முப்பத்திரண்டு. சரியாக இருந்தது. பவாஸையும் கூப்பிட்டு விசாரித்தார்களாம். "நாப்பத்தஞ்சு அடிச்சேன், சேர்தான் எறக்கச் சொன்னாரு" என்று அவன் சொல்லியிருக்கிறான். பழுதான டயரை விற்றவன் வேறு என்ன சொல்வான் என்று சார்ஜன்ட் இவரிடமே சிரித்துக்கொண்டு சொன்னார். இவர் பேசாமல் இருந்தார். எழுதியிருந்தது முப்பத்திரண்டு, அடித்தது முப்பத்திரண்டு. இதில் பேச என்ன இருக்கிறது என்று நினைத்தார்.

அதற்குள் அந்த வீடியோ ஊரைச் சுற்றிவிட்டது. காலாவதியான டயரை விற்றுப் பிள்ளைகளைக் கொல்லப் பார்த்த முஸ்லிம் கடை என்று யாரோ எழுதி, ஆயிரம் பேர் பகிர்ந்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை காலை கடையின் பெயர்ப் பலகையில் கல் விழுந்தது. பவாஸ் கதவை இழுத்து மூடிவிட்டு, மனைவி கைரியாவையும் பிள்ளைகளையும் மாமனார் வீட்டுக்கு அனுப்பிவிட்டான் என்று லீலாதேவி மீன்காரனிடம் கேட்டுக்கொண்டு வந்தாள்.

வெள்ளி பின்னேரம் கனடாவிலிருந்து மகன் சஞ்சயன் கூப்பிட்டான். அங்கே அவனுக்கு வாகனம் திருத்துமிடத்தில்தான் வேலை.

"அப்பா, அந்த ஸ்டிக்கர்ப் படத்தை ஒருக்கா அனுப்புங்கோ. ரயர்க் கடைக்காரன்ர பக்கம் ஏதும் பிழை கிடந்தா நாங்கள் எழுத்தில காட்டலாம்."

அனுப்பினார்.

"அப்பா, இதில முதல் வரியை வாசியுங்கோ."

"எந்த வரி? காத்தெல்லே முக்கியம்? இருநூற்றியிருபது."

"அதுக்கு மேல் வரி. ரயர் சைஸ்."

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தைப் பெருப்பித்தார். "இருநூற்றிப் பதினைஞ்சு... எழுபது... பதினைஞ்சு."

"நீங்கள் வாங்கினது?"

"நூற்றித் தொண்ணூற்றைஞ்சு, பதினா..."

சொல்லி முடிக்கவில்லை. இரண்டு வருடமாக அந்த ஸ்டிக்கரைப் பார்த்திருக்கிறார். இலக்கங்கள் இரண்டு வரியாக இருந்தன. அவர் வாசித்தது ஒரு வரி. காணிப் பகுதியில் ஒரு லிகிதர் இப்படிக் காணி உறுதிப் பத்திரத்தில் பாதியை மட்டும் வாசித்துவிட்டு வந்திருந்தால் அவரே அந்த ஆளை மேசைக்கு முன்னால் நிற்க வைத்து மானத்தை வாங்கியிருப்பார்.

"அது வேற வான்ர கதவு அப்பா" என்றான் சஞ்சயன். "உடம்பு ஒரே உடம்புதான். ஆனா அது ஆக்கள் மட்டும் போற சொகுசு வான். அகல ரயர், காத்துக் குறைய. உங்கடது சாமான் ஏத்த வந்தது. ஒடுங்கின ரயர், கூடக் காத்து வேணும். முந்தி வைச்சிருந்தவன் எங்கயோ இடிச்சுப்போட்டு, பழைய வாகனச் சாமான் யாட்டில கதவு வாங்கிப் பூட்டியிருக்கிறான்."

"அப்ப எவ்வளவு போட்டிருக்க வேணும்?"

"சுமைக்குப் பின்னுக்கு நாப்பத்தைஞ்சாவது."

பவாஸ் சொன்ன அதே இலக்கம். ஸ்ரீஸ்கந்தராசா போனைக் கட்டிலில் வைத்துவிட்டு அப்படியே இருந்துவிட்டார். கண்ணுக்கு முன்னால் கட்டில் இருந்தது, அலுமாரி இருந்தது, ஒன்றும் விளங்கவில்லை. தன்னால்தான் பிள்ளையின் கை நசுங்கியது என்பது ஒரு பக்கம். ஒவ்வொரு ஞாயிறும் விடிய எழும்பி, அளந்து அளந்து, கவனமாக நசுக்கியிருக்கிறார் என்பது மறு பக்கம்.

போன் இன்னும் பேசிக்கொண்டிருந்தது. லீலாதேவி எடுத்தாள்.

"அம்மா, அப்பாட்டைச் சொல்லுங்கோ, இதை ஒருத்தருக்கும் காட்டவேண்டாம். படத்தை அழிக்கச் சொல்லுங்கோ. வானைச் சோதிக்கிற அரசாங்க ஆள் திங்கக்கிழமை வந்து பாத்தாலும் ஸ்டிக்கரும் காத்தும் சரியாத்தான் இருக்கும். ஒருத்தரும் சைசைப் பாக்க மாட்டினம்."

"அதுதான் நல்லது" என்றாள் லீலாதேவி. பிறகு கணவனைப் பார்த்தாள். "என்னப்பா? கேட்டனீங்களே?"

"பவாஸ்?"

"அவனுக்கு ஒண்டும் நடக்காது. நாலு நாளில எல்லாரும் மறந்திடுவினம். நீங்கள் உள்ளுக்குப் போனா நான் என்ன செய்யிறது? இந்த வயசில? சஞ்சயன் அங்க, நான் இஞ்ச தனிய."

"அவன்ர கடையில கல்லெறிஞ்சிருக்கிறாங்கள் லீலா. என்ர வாயால."

"நீங்கள் வேணுமெண்டோ சொன்னனீங்கள்? அந்த நேரத்து அதிர்ச்சி."

"அதிர்ச்சியில வாய் தன்ர பிழையைச் சொல்லேல்லையே. மற்றவன்ர பேரையெல்லே சொன்னது."

லீலாதேவி அழத் தொடங்கினாள். அவள் அழுவதற்குக் காரணம் இருந்தது, அவருக்கும் அது தெரியும். எழுந்து போய்ச் சாமி அறை வாசலில் நின்றார். கும்பிட மனம் வரவில்லை. திரும்பி வந்து ஒரு தாளை எடுத்து, கச்சேரி நடையில், திகதி போட்டு எழுதினார். கதவு வேறு வாகனத்துடையது. டயரின் அளவை நான் ஒப்பிடவில்லை. வியாபாரி நாற்பத்தைந்து என்று எச்சரித்தும் முப்பத்திரண்டுக்கு இறக்கச் சொன்னவன் நான். கீழே கையெழுத்து வைத்தார்.

சனிக்கிழமை பொலிசுக்குப் போக வெளிக்கிட்டவருக்கு, பொலிசுக்கு முதல் அழகமுத்துவிடம் சொல்லவேண்டும் என்று பட்டது. பேப்பரில் பார்த்து அந்த மனுசன் அறியக் கூடாது. நாலு தோடம்பழம் வாங்கிக்கொண்டு ஆசுபத்திரிக்குப் போனார்.

பகல் பன்னிரண்டு மணி, நோயாளரைப் பார்க்கும் நேரம். சோற்றுப் பார்சலும் சுடுதண்ணிப் போத்தலுமாகச் சனம் உள்ளே போய்க்கொண்டிருந்தது. அழகமுத்து மட்டும் வார்டுக்கு வெளியே வாங்கில் இருந்தான். மூன்று நாளாக மாற்றாத சட்டை. பக்கத்தில் வாழையிலையில் சுற்றிய சோறு அவிழ்க்காமல் கிடந்தது. இவரைக் கண்டதும் எழும்பினான்.

"வாங்கய்யா. ஒக்காருங்க."

"பிள்ளை எப்பிடி?"

"கம்பி வச்சிருக்காங்க. வெரலு ரெண்டு அசையுது, மத்தது அசையலங்க. போகப் போகத்தான் தெரியும்ங்கிறாங்க. அவங்கம்மா ஞானேஸ்வரி உள்ள இருக்கா."

"நீர் உள்ளுக்குப் போகேல்லையோ?"

"போகணுங்க" என்றான். போகவில்லை.

தோடம்பழத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டு, அவர் சொல்லத் தொடங்கினார். கதவைச் சொன்னார், ஸ்டிக்கரைச் சொன்னார், இரண்டு வரியைச் சொன்னார். பவாஸ் சொன்னதையும் தான் சிரித்ததையும் சொன்னார். முப்பத்து மூன்று வருடம் மற்றவர்களின் பிழையை எழுதிய மனுசனுக்குத் தன் பிழையைச் சொல்லச் சொல் கிடைக்கவில்லை, அங்கங்கே தடக்கியது. ஆனால் ஒன்றையும் விடவில்லை. முடித்துவிட்டு, அவன் அடித்தால் அடிக்கட்டும் என்று நினைத்துக்கொண்டு இருந்தார்.

அழகமுத்து அவிழ்க்காத சோற்றை வாங்கின் மறு ஓரத்துக்குத் தள்ளி வைத்தான். உள்ளேயிருந்து ஒரு பிள்ளை தண்ணீர் கேட்கும் சத்தம் வந்தது. அது துஷானியின் குரலில்லை.

"நான் சொன்னேனேங்கய்யா" என்றான்.

"என்ன?"

"திங்கக்கெழம. புள்ளைய ஏத்திவிட்டுட்டு, ஐயா ஜன்னல் கிட்ட வந்து சொன்னேனே. பின்னாடி லெப்ட்டு டயரு ஒக்காந்திருக்கு, புள்ளைங்க ஏற ஏற பக்கம் பிதுங்குது, காத்து பாத்துக்கங்கன்னு. நான் டிராக்டர் ஓட்டுறவன்ங்க. குப்பைய ஏத்திக்கிட்டு மேட்டுலயும் பள்ளத்துலயும் போறவன். டயரப் பாத்தா எனக்குத் தெரியுமுங்க."

ஸ்ரீஸ்கந்தராசா நினைவில் திங்கட்கிழமையைத் தேடினார். பனி விலகாத காலை. ஒரு பிள்ளை தண்ணிப் போத்தலை மறந்து திரும்ப ஓடியது. ரேடியோவில் செய்தி. எல்லாம் வந்தது. ஜன்னலில் அழகமுத்துவின் முகம் மட்டும் வரவில்லை.

"என்னட்டையோ சொன்னனீர்?"

"ஐயாகிட்டத்தான்."

"நான்... நான் என்ன சொன்னனான்?"

"சிரிச்சீங்க. எல்லாம் அளந்துதான் இருக்கு, பயப்படாதன்னு சொன்னீங்க. கையில தட்டிக் குடுத்தீங்க."

அப்படித்தான் அவர் சொல்லியிருப்பார். கேட்கும்போதே அது தன் குரல்தான் என்று தெரிந்தது. தெரிந்தும் ஞாபகம் வரவில்லை. குப்பை டிராக்டர் ஓட்டுகிறவன் காலையில் ஜன்னலில் சொன்ன ஒன்றை வைத்துக்கொள்ள அவருடைய தலையில் இடமே இருக்கவில்லை.

"வீட்ல போயி ஞானேஸ்வரிகிட்டயும் சொன்னேங்க" என்றான் அழகமுத்து. "அவ, ஐயா கச்சேரில இருந்தவரு, அவருக்குத் தெரியாதது ஒனக்குத் தெரியுமான்னு கேட்டா. எனக்கும் அப்பிடித்தான் தோணுச்சு. படிச்ச மனுசன் அளந்துட்டேன்னு சொல்றாரு, நாம என்னத்தக் கண்டோம்னு. செவ்வாக்கெழமையும் அந்த டயரப் பாத்தேன். பொதங்கெழமையும் பாத்தேன். பாத்துட்டுத்தாங்க ஏத்தினேன். போக வர அந்தச் சீட்டுலயே இருன்னு ஒக்கார வச்சேன், காத்து வரும்னு."

அவர் அவனுடைய கையைப் பிடித்தார். அவன் இழுத்துக்கொள்ளவுமில்லை, திருப்பிப் பிடிக்கவுமில்லை.

"அவ இன்னும் அதக் கேக்கலங்க. டயரு வெடிச்சதுன்னு அழுதுகிட்டு இருக்கா. நான் சொன்னது அவளுக்கு நெனப்பு வரல. உள்ள போனா என் மூஞ்சியப் பாத்ததும் வந்துருமோன்னுதான் இங்கயே ஒக்காந்திருக்கேன். மூனு நாளா புள்ளைய எட்ட நின்னுதாங்க பாக்குறேன்."

மணி அடித்தது. பார்க்கும் நேரம் முடிந்து சனம் வெளியே வரத் தொடங்கியது. வார்டுக் கதவில் ஞானேஸ்வரி வந்து நின்று, புருசனைத் தேடினாள். அழகமுத்து எழும்பி, முகத்தைத் துடைத்துக்கொண்டு, அவளிடம் போகாமல் குழாயடிப் பக்கம் போனான்.

அங்கிருந்து பொலிசுக்கு இறக்கம்தான். ஸ்ரீஸ்கந்தராசா நடந்தே போனார். எழுதிக் கொண்டுவந்த தாளைச் சார்ஜன்ட் வாசித்தார். வாசிக்க வாசிக்கப் புருவம் ஏறியது. இதைக் கொடுத்தால் வழக்கு உங்கள்மேல் திரும்பும், தெரியும்தானே என்று சிங்களத்தில் கேட்டார். தெரியும் என்றார் இவர்.

"அப்போ டயர்க் கடைக்காரர் மட்டும்தான் எச்சரித்தார்?"

"இல்லை. அந்தத் தாளில் ஒன்று குறைகிறது. இரண்டு பேர் சொன்னார்கள். மற்றவர் அந்தப் பிள்ளையின் தகப்பன். திங்கட்கிழமை காலை, வானின் ஜன்னலில் வந்து சொன்னார்."

சார்ஜன்ட் பேனையை எடுத்தார். "அவர் சொன்னது உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா?"

"இல்லை."

"ஞாபகம் இல்லாததை எப்படி எழுதுவது?"

"அவர் சொன்னார் என்று சொல்கிறார். அது போதும். எழுதுங்கள்."

சார்ஜன்ட் அவரை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு எழுதினார். "அதற்கு நீங்கள் என்ன செய்தீர்கள்?"

"சிரித்தேன்."

சார்ஜன்ட்டின் பேனை நின்றது. வயதான மனிதரைப் பார்த்து, அதெல்லாம் தேவையில்லை மாத்தையா, நடவடிக்கை எடுக்கவில்லை என்று போட்டால் சரி என்றார் தணிந்த குரலில்.

"இல்லை" என்றார் ஸ்ரீஸ்கந்தராசா. "சிரித்தேன் என்றே எழுதுங்கள்."